அலாஸ்காவில் ஐந்து வகைப் பனியாறு என்றார்கள், மூன்றரைதான் பார்த்தோம்

அலாஸ்காவுக்கு ஒரு கிளேசியர் (பனியாறு) பேக்கேஜில் போய்வந்த கதை இது. அவசரத்தில் இருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மட்டனுஸ்கா பனியாற்றில் பனிக்கட்டி மேல் நடப்பது கொடுத்த காசுக்கு மேலேயே தகும். சீவர்டு படகுப் பயணமும் தகும், ஆனால் விளம்பரத்தில் சொல்கிற காரணத்துக்காக இல்லை. போர்ட்டேஜ் ஏரியை வழியில் இருந்தால் பாருங்கள், அதற்கென்று ஒரு நாளை ஒதுக்காதீர்கள். விமானத்தில் போய்ப் பனியாற்றில் இறங்கும் ஆசை இருந்தால் கையில் இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எங்கள் கதிதான்.

இனி விவரம். போன ஜூன் கடைசி வாரம் நான், மனைவி, பத்து வயது மகள், ஊரிலிருந்து வந்திருந்த அப்பா என்று நான்கு பேர் போனோம். டாலஸ் வெயிலில் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்த மனிதரை எங்காவது குளிர்ச்சியான இடத்துக்குக் கூட்டிப்போகலாம் என்று தேடும்போது கண்ணில் பட்டது இந்த ஆறு நாள் கிளேசியர் பேக்கேஜ். "ஐந்து வகைப் பனியாறுகள், ஒரே பயணத்தில்" என்று போட்டிருந்தார்கள்: கடலில் உடைந்து விழுவது, ஏரியில் முடிவது, மலையில் தொங்குவது, நடக்கக்கூடியது, விமானத்தில் இறங்குவது. தங்குமிடம், வேன், படகு, வழிகாட்டி எல்லாம் சேர்த்து நான்கு பேருக்கு ஆறாயிரம் டாலருக்குக் கொஞ்சம் கீழே. டாலஸ்-ஆங்கரேஜ் விமான டிக்கெட் தனி. ஏஜென்சியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இன்னும் பணம் திரும்ப வர வேண்டியிருக்கிறது.

அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. பொதுப்பணித்துறையில் முப்பது வருஷம், பெரும்பாலும் தஞ்சாவூர்ப் பக்கம், ஆறு, வாய்க்கால், மதகு என்றே போன வேலை. கிளேசியர் என்றால் பனிப்பாறைதானே என்று கேட்டார். தினசரிகள் கடலில் மிதக்கிற கட்டியையும் பனிப்பாறை என்கின்றன, மலையில் கிடப்பதையும் பனிப்பாறை என்கின்றன, அவர் மேல் தப்பில்லை. இல்லைப்பா, பனியாறு, மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கும் என்றதும் "ஓடுதுன்னா சரி, எவ்வளவு ஓடுதுன்னு பார்ப்போம்" என்றார். அப்புறம் ஆறு நாளும் ஒவ்வொன்றையும் ஆறு என்று ஏற்றுக்கொள்ளலாமா வேண்டாமா என்று பரிசோதித்துக்கொண்டே வந்தார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், எங்களுக்குக் கிடைத்த வழிகாட்டிகளில் சிறந்தவர் அவர்தான்.

முதல் நாளே சறுக்கல். ஆங்கரேஜிலிருந்து தெற்கே எண்பது கிலோமீட்டர் போனால் போர்ட்டேஜ் ஏரி. ஏரியில் முடியும் பனியாறு என்ற வகைக்குப் பேக்கேஜில் போட்டிருந்தது இதைத்தான். கரையில் அழகான பார்வையாளர் மையம் இருக்கிறது, 1986-ல் திறந்தது, பனியாற்றை உள்ளிருந்தபடியே பார்ப்பதற்கென்று கட்டியது. கண்ணாடிச் சுவர் இருக்கிறது, ஏரி இருக்கிறது, பனியாறு இல்லை. பின்வாங்கிப் பின்வாங்கி மலை வளைவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அதைப் பார்க்க ஏரியில் தனியாகப் படகு ஏற வேண்டும், அல்லது விட்டியர் பக்கமிருந்து மலை ஏற வேண்டும், இரண்டுமே பேக்கேஜில் இல்லை. அங்கே வேலை செய்கிறவர்கள் இதை ஒளிக்கவில்லை, கேட்காமலே சொல்கிறார்கள். ஏஜென்சிதான் பழைய படத்தைப் போட்டு விற்றிருக்கிறது. மகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றாள். "கடைமடைக்குத் தண்ணி வரலைன்னு கேஸ் போடலாம்" என்றார் அப்பா.

சீவர்டு, ஆங்கரேஜிலிருந்து இருநூறு கிலோமீட்டர். மறுநாள் காலை படகு. ஆறு மணி நேரப் பயணம், கீனாய் ஃபியர்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குள் போய்த் திரும்புவது. ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: ஆறு மணி நேரத்தில் பனியாற்றின் எதிரே நிற்பது அரை மணி நேரம் இருந்தால் அதிகம். மிச்சமெல்லாம் கடல். விளம்பரப் படத்தில் முழுக்க நீலப் பனிச்சுவர்தான் இருக்கும், அதை நம்பிப் போகிறவர்களுக்கு ஏமாற்றம் நிச்சயம். எங்களுக்கு ஏமாற்றம் இல்லை, ஏனென்றால் அந்த மிச்ச நேரத்தில் கடல் நீர்நாய் மல்லாந்து படுத்து வயிற்றில் சிப்பி உடைத்தது, ஓர்க்கா திமிங்கிலங்கள் படகுக்குப் பக்கவாட்டில் கொஞ்ச தூரம் வந்தன, பஃபின் பறவைகள் பறக்கத் தெரியாமல் பறப்பது மாதிரி இறக்கையடித்துக்கொண்டு போயின. துறைமுகத்தை விட்டு வளைகுடா வாயைத் தாண்டியதும் அலை தூக்கிப் போடும். என் மனைவி போகும்போது பாதி வழியும் திரும்பும்போது பாதி வழியும் கண்ணை மூடியபடியே உட்கார்ந்திருந்தாள். வாந்தி மாத்திரையை ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போட்டுக்கொள்ளுங்கள், ஏறிய பிறகு போட்டுப் பிரயோஜனமில்லை. மதியச் சாப்பாட்டில் சைவத்துக்கு ஒரு ராப், அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

போகிற வழியிலேயே இரண்டு வகை வந்துவிடுகிறது. ஒன்று, தொங்கும் பனியாறு. பெரிய பனியாறு ஒரு காலத்தில் பள்ளத்தாக்கு முழுக்க நிறைந்து ஓடியபோது பக்கத்திலிருந்து வந்து சேர்ந்த சின்னக் கிளையாறுகள் இவை. பெரியது ஆழமாகக் குடைந்துகொண்டு போய் அப்புறம் கரைந்தும் போய்விட்டது, சின்னவை மலையில் பாதி உயரத்திலேயே அந்தரத்தில் நின்றுவிட்டன. செங்குத்தான பாறைக்கு மேல் நீல விளிம்பு எட்டிப்பார்க்கும், அதன் அடியிலிருந்து நூலாக ஓர் அருவி. படகிலிருந்து பார்க்க ரொம்ப நன்றாக இருக்கும், ஆனால் யாரும் கேமராவை எடுக்கவில்லை, எல்லோரும் ஓர்க்காவுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். இன்னொன்று பேர் (Bear) கிளேசியர், இந்தப் பூங்காவிலேயே பெரியது. தூரத்திலிருந்துதான் தெரியும். அகலமான வெள்ளைச் சாலை மாதிரி இறங்கி வருகிறது, நடுவில் நீளவாக்கில் கறுப்புக் கோடு. டயர் தடம் மாதிரி இருக்கிறது என்றாள் மகள். இரண்டு பனியாறுகள் சேரும்போது இரண்டின் கரையோரக் கல்லும் மண்ணும் ஒன்றாகி நடுவில் கோடாக வரும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். "ரெண்டு ஆறு கூடுற இடத்துல கலங்கலும் தெளிவுமா கொஞ்ச தூரம் தனித்தனியா ஓடும்ல, அதான்" என்று அப்பா அவளுக்கு ஒரே வரியில் முடித்துவிட்டார். பேர் கிளேசியரின் முனையில் ஓர் உப்பங்கழி, அதில் பனிக்கட்டிகள் மிதக்கின்றன என்றார்கள். ஏரியில் முடியும் வகைக்கு இதைத்தான் நாங்கள் அரை மார்க் போட்டுக்கொண்டோம். தலைப்பில் மூன்றரை என்று எழுதியது அதனால்தான்.

பிறகு அயாலிக். கடலில் முடியும் வகை, டைட்வாட்டர் என்பார்கள். முகப்பு மட்டும் ஏறக்குறைய ஒரு மைல் அகலம். படகு எஞ்சினை அணைத்துவிட்டு நிற்கும்போது முதலில் கவனத்துக்கு வருவது சுவர் இல்லை, சத்தம். சுற்றிலும் மிதக்கும் சின்னச் சின்ன கட்டிகளிலிருந்து பொடிப்பொடியாக ஒரு வெடிப்பு, கோலி சோடாவைக் காதுப் பக்கம் வைத்த மாதிரி. பனி இறுகி ஐஸ் ஆகும்போது உள்ளே மாட்டிக்கொண்ட பழைய காற்றுக் குமிழிகள், தண்ணீரில் கரையக் கரைய உடைந்து வெளியே வருகின்றன. மிதவைக் கட்டிகள் மேல் நீர்நாய் இல்லை, சீல் படுத்திருந்தன, பக்கத்தில் குட்டிகள். குட்டி போட்ட பருவம் என்பதால் படகு அவற்றை விட்டு விலகியே நின்றது.

சுவர் எவ்வளவு உயரம் என்று கண்ணால் மட்டும் சொல்லவே முடியாது. அளவுக்கு அங்கே மரம் இல்லை, வீடு இல்லை. பக்கத்தில் இருப்பது மாதிரித் தெரிந்தது. அப்போது வலது ஓரத்தில் ஒரு துண்டு சரிந்தது, ஃபிரிட்ஜ் அளவு இருக்கும் என்று நினைத்தேன். சத்தமே இல்லாமல் விழுந்தது. அப்பா மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் எண்ணுகிற மாதிரி ஒன்று, இரண்டு என்று எண்ணினார், அதன் பிறகுதான் சத்தம் வந்து மார்பில் இடித்தது. இரண்டு நொடி என்றால் எழுநூறு மீட்டர். அவ்வளவு தூரத்திலிருந்து ஃபிரிட்ஜாகத் தெரிந்தால் அது ஃபிரிட்ஜ் இல்லை, இரண்டு மாடி வீடு. கொஞ்ச நேரத்தில் அலை வந்து படகை லேசாக ஆட்டியது. அப்பா ஒன்றும் பேசவில்லை, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரும்பி வரும்போதுதான் "முகத்துவாரம்" என்றார். அப்படியென்றால் ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று அர்த்தம்.

மூன்றாம் நாள் பேக்கேஜில் 'ஓய்வு' என்று போட்டிருந்தார்கள். ஓய்வெடுக்கவா ஆறாயிரம் டாலர் கொடுத்தோம் என்று எக்ஸிட் கிளேசியருக்கு நாங்களே டாக்ஸி பிடித்துப் போனோம். இந்தப் பூங்காவுக்குள் சாலை போகிற ஒரே இடம், நுழைவுக் கட்டணம் கிடையாது. பேக்கேஜில் இதை ஏன் சேர்க்கவில்லை என்றால் அதற்கு ஒரே காரணம் இதில் அவர்களுக்குக் கமிஷன் வராது என்பதாகத்தான் இருக்க வேண்டும், என் ஊகம்.

மேலே ஹார்டிங் ஐஸ்ஃபீல்டு என்று ஒன்று இருக்கிறது, பனிவயல், ஏறக்குறைய 1,800 சதுர கிலோமீட்டர். மலைகளை மூடிக்கொண்டு தட்டையாகக் கிடக்கிறது, சிகரங்களின் நுனி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் விளிம்புகளில் இடுக்கு கிடைத்த இடத்திலெல்லாம் வழிந்து இறங்குபவைதான் அயாலிக், பேர், எக்ஸிட் என்று நாற்பதை நெருங்கும் பனியாறுகள். அப்பாவுக்கு வரைபடத்தைக் காட்டியதும் "இது ஏரி, இதெல்லாம் கலிங்கு" என்று விரலால் சுற்றிக் காட்டினார். இதைவிடச் சுருக்கமாக எந்தப் பலகையிலும் எழுதியிருக்கவில்லை. 1968-ல் இந்தப் பனிவயலை முதன்முதலாகக் கடந்தவர்கள் இந்த வழியாக இறங்கி வெளியே வந்தார்கள், அதனால்தான் எக்ஸிட் என்று பெயர். பனிவயல் வரை ஏறிப்போக ஒரு பாதை உண்டு, போய்வர பதின்மூன்று கிலோமீட்டர், ஆயிரம் மீட்டர் ஏற்றம். அப்பாவின் முழங்காலை வைத்துக்கொண்டு அதற்கு ஆசைப்படவில்லை. கீழ்ப் பாதையே எங்களுக்குப் போதும்.

பார்க்கிங்குக்கு வருகிற சாலையிலேயே ஓரமாகச் சின்னப் பலகைகள் தெரியும், ஒவ்வொன்றிலும் ஒரு வருஷம் மட்டும். முதலில் கிலோமீட்டர் கல் என்று நினைத்தேன். அந்தந்த வருஷம் பனியாறு அதுவரை இருந்தது என்று அர்த்தம். 1926 என்ற பலகையைச் சுற்றி முழு வளர்ச்சி அடைந்த மரங்கள். 1951-ஐத் தாண்டினால் மரம் குட்டையாகிறது, அப்புறம் புதர், 2005 பக்கம் வரும்போது கல்லும் பாசியும்தான். 2010 பலகையிலிருந்து பனியாற்றைத் தொடலாம் போலிருக்கும் என்று நினைத்துப் போனால் அது எங்கோ மேலே பாறைச் சரிவில் ஏறிவிட்டிருக்கிறது. 1815-லிருந்து கணக்கிட்டால் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் பின்னால் போயிருக்கிறது. 2015 செப்டம்பரில் ஒபாமா அதிபராக இருந்தபோது பருவநிலை மாற்றத்தைப் பற்றிப் பேச இங்கேதான் வந்தார். மகள் தான் பிறந்த வருஷத்துக்குப் பலகை இல்லை என்று கோபித்துக்கொண்டு, அது எங்கே இருந்திருக்கும் என்று அவளாகவே ஓர் இடத்தைத் தீர்மானித்து ஒரு கல்லை நட்டுவைத்தாள். அப்பா அதைச் சரிபார்த்து அரை அடி தள்ளி வைத்தார். கிளம்பும்போது கல்லைப் பழையபடி எடுத்துப் போட்டுவிட்டோம், தேசியப் பூங்காவில் அப்படியெல்லாம் செய்யக்கூடாது.

ஐந்தாம் நாள் மட்டனுஸ்கா. ஆங்கரேஜிலிருந்து வடகிழக்கே நூற்றி அறுபது கிலோமீட்டர், க்ளென் ஹைவேயில். இது பள்ளத்தாக்குப் பனியாறு, நீளம் நாற்பத்து மூன்று கிலோமீட்டர், முனையில் ஆறு கிலோமீட்டருக்கு மேல் அகலம். கார் போகிற இடத்தில் இவ்வளவு பெரிய பனியாறு அமெரிக்காவிலேயே வேறு இல்லை. போகும் வழி தனியார் நிலம், வழிகாட்டி இல்லாமல் விடுவதில்லை, அது நல்லதுதான் என்று பத்து நிமிஷத்தில் புரிந்துவிட்டது. ஹெல்மெட் கொடுத்தார்கள், பூட்ஸுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் இரும்புப் பல் கொடுத்தார்கள், கிராம்பான் என்று பெயர். தேவையான இடத்தில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொள்ள வழிகாட்டிப் பெண் தானாகவே வந்தாள். எழுபதைத் தாண்டியவர்களால் முடியுமா என்று கேட்பவர்களுக்கு: நடந்து பழகியவர் என்றால் முடியும், அவசரப்படுத்தாத குழுவாகப் பார்த்துச் சேருங்கள்.

முதல் இருபது நிமிஷம் சேறும் சரளையும். எப்போது ஐஸ் வரும் என்று மகள் கேட்டுக்கொண்டே வந்தாள். வழிகாட்டி நின்று காலால் சரளையைத் தள்ளினாள், உள்ளங்கை ஆழத்துக்கு அடியில் கறுப்பாக, கண்ணாடி மாதிரி ஐஸ். அதன் மேல்தான் அவ்வளவு நேரமும் நடந்திருக்கிறோம்! அதற்கப்புறம் மேடு ஏறி இறங்கியதும் ஒரேயடியாக வெள்ளை. வெள்ளைக்கு நடுவே பிளவு வந்தால் அதற்குள் நீலம். நீலம் என்றால் வானத்து நீலம் இல்லை, துணிக்குப் போடுகிற சொட்டுநீலம் கரைத்த மாதிரி. வருஷக்கணக்கில் மேலே பனி விழுந்து விழுந்து கனத்தில் அழுங்கி, காற்றெல்லாம் பிதுங்கி, இறுகிப்போன ஐஸ் ஒளியின் சிவப்பை உறிஞ்சிக்கொண்டு நீலத்தை வெளியே விடுகிறது. அன்றைக்கு மேகமூட்டம். வெயில் இல்லாத நாளில்தான் நிறம் இன்னும் எடுப்பாகத் தெரியும் என்றாள் வழிகாட்டி, எங்களுக்கு அது ஆறுதலா உண்மையா என்று தெரியவில்லை, படங்களைப் பார்த்தால் உண்மை போலத்தான் இருக்கிறது. ஓரிடத்தில் மேலே ஓடிவந்த ஓடை சுழித்துக்கொண்டு ஒரு குழிக்குள் இறங்கியது. கிட்டே போகாமல் எட்டி நின்று காதை மட்டும் கொடுத்துக் கேட்கச் சொன்னாள். அடியில் எங்கோ ஆறு ஓடுகிற சத்தம் கேட்டது. "நாளைக்கு எவ்வளவு நகருது?" என்று அப்பா என்னைக் கேட்கச் சொன்னார். சுமார் ஓர் அடி என்றாள். முனை ஏன் அப்படியானால் முன்னால் வரவில்லை? வருகிற அளவுக்கு உருகியும் போகிறது. "வரத்தும் போக்கும் சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு அப்பா தலையை ஆட்டினார்.

வரும் வழியில் குட்டையோரம் படிந்திருந்த சாம்பல் நிறச் சகதியை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். டால்கம் பவுடர் மாதிரி வழவழவென்று இருந்தது. "இது வண்டல் இல்லடா, அரைச்ச கல்லு. இதுல ஒண்ணும் முளைக்காது" என்றார். பனியாறு அடியில் பாறையை அரைத்து அரைத்து வருவதால் அது கல்மாவுதான், தண்ணீர் பால் மாதிரி இருப்பதும் அதனால்தான், அதுவரை அவர் சொன்னது சரி. ஆனால் திரும்பும்போது வேன் ஓட்டுநர் பால்மர் ஊரில் ஒரு பண்ணைக் கடை முன்னால் நிறுத்தினார். அந்த வட்டாரமே அலாஸ்காவின் காய்கறித் தோட்டம், காரணம் பனியாற்று மாவைக் காற்று காலங்காலமாக அள்ளிக்கொண்டு வந்து கொட்டிய மண். கோடையில் பத்தொன்பது மணி நேரம் பகல் வேறு. அங்கே நடக்கும் மாநிலக் கண்காட்சியில் 2012-ல் அறுபது கிலோவைத் தாண்டிய முட்டைக்கோஸ் ஒன்று உலக சாதனை படைத்திருக்கிறது. அப்பா கடைக்காரரிடம் மண்ணைக் காட்டச் சொல்லி என்னை மொழிபெயர்க்க வைத்தார். தான் சொன்னது தப்பு என்று ஒப்புக்கொள்ளவில்லை, கேரட் இரண்டு கட்டு வாங்கினார்.

ஆறாம் நாள் விமானம். டெனாலி சிகரத்தைச் சுற்றி, ரூத் கிளேசியர் மேல் பறந்து, ஸ்கி மாட்டிய சின்ன விமானத்தில் பனியில் இறங்குவது. ஐஸ் ஒரு கிலோமீட்டருக்கு மேல் கனமுள்ள பள்ளத்தாக்கு அது, இந்தப் பயணத்திலேயே நான் அதிகம் எதிர்பார்த்தது. காலையிலிருந்து மேகம். பத்து மணி, பன்னிரண்டு மணி, இரண்டு மணி என்று தள்ளித் தள்ளி நான்கு மணிக்கு இன்று இல்லை என்றார்கள். விமானியைக் குறை சொல்ல மாட்டேன், தெரியாத மேகத்துக்குள் என் மகளை ஏற்றிக்கொண்டு போகாததற்கு நன்றிதான். கோபமெல்லாம் ஏஜென்சி மேல். அந்த ஊருக்குப் போகிறவர்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம் இது, வானிலை பார்த்துத்தான் பறப்பார்கள், முடிந்தால் பயணத்தின் முதல் நாட்களிலேயே போட்டுவிட வேண்டும், தவறினால் மறுநாள் முயலலாம். இவர்கள் அதைக் கடைசி நாளில் போட்டு, இரவே எங்களுக்கு ஊர் திரும்பும் விமானம் என்று தெரிந்தும் போட்டிருக்கிறார்கள்.

இன்னொன்று, ஐந்து வகை என்ற கணக்கே கொஞ்சம் புருடா. மலையிலிருந்து சமவெளிக்கு இறங்கியதும் விசிறி மாதிரி விரிந்து பரவுகிற வகை ஒன்று உண்டு, அதில் உலகிலேயே பெரியதான மலஸ்பினாவும் அலாஸ்காவில்தான் இருக்கிறது, ஏறக்குறைய 3,900 சதுர கிலோமீட்டர். சாலையே கிடையாது, பேக்கேஜ் எதிலும் வராது. விண்வெளியிலிருந்து எடுத்த அதன் படத்தை ஆங்கரேஜ் விமான நிலையத்தில் காத்திருக்கும்போது போனில் அப்பாவுக்குக் காட்டினேன். ரொம்ப நேரம் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இது நம்ம டெல்டா மாதிரியே இருக்குடா, இங்க ஏன் கூட்டிட்டுப் போகல?" என்றார்.

பேக்கேஜுக்கு ஐந்தில் இரண்டரை நட்சத்திரம். மட்டனுஸ்காவுக்கும் படகுக்கும் நீங்களே நேரடியாகப் பதிவு செய்து, ஒரு கார் வாடகைக்கு எடுத்துக்கொண்டால் எங்களைவிட ஆயிரம் டாலருக்கு மேல் குறையும், எக்ஸிட்டில் ஒரு முழு நாளும் கிடைக்கும். ஜூனிலும் கம்பளித் தொப்பி வேண்டும், படகின் மேல்தளத்தில் காற்று காதை அறுக்கும். தூங்கும்போது கண்ணை மறைக்கத் துணி எடுத்துப்போங்கள், சூரியன் மறையவே இரவு பதினொன்றரை ஆகிறது. விமானத்துக்குக் கொடுத்த பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று மூன்று முறை மின்னஞ்சலில் எழுதிவிட்டார்கள், வந்ததும் இங்கேயே எழுதுகிறேன், அன்றைக்கு இன்னொரு அரை நட்சத்திரம் கூட்டிவிடுகிறேன்.